பழைய ஹைபிரிட் காரின் பற்றரி: வீட்டில் பராமரிப்பதும் சமன்படுத்துவதும்

இலங்கையில் ஓடும் அக்வா, பிரியஸ், அக்ஸியோ ஹைபிரிட் கார்களில் பல பத்து வயதைத் தாண்டிவிட்டன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த காரை வைத்தே எல்லோரும் சமாளித்தார்கள். ஹைபிரிட் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் இன்று பேச்சு பற்றரியில் வந்து நிற்பதற்கு அதுதான் காரணம். டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்ததும் "பற்றரி முடிஞ்சுது, மாத்த வேணும்" என்பார் ஒருவர். "செல் பலன்ஸ் பண்ணினால் சரி" என்பார் இன்னொருவர். இரண்டும் சில வேளைகளில் உண்மை. உங்கள் காருக்கு எது உண்மை என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் காற்று, அடுத்து அளவீடு, திறப்பது கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பணமும் பற்றரியும் போவது அங்கேதான்.

இது எந்தக் காருக்கு

நிக்கல்-மெட்டல் ஹைட்ரைட் பற்றரி உள்ள டொயோட்டாக்களுக்கு மட்டும். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸிலும் 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும் 28 மொடியூல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு மொடியூலுக்குள் ஆறு செல்கள், செல் ஒன்றுக்கு 1.2 வோல்ற். ஆக, மொடியூலுக்கு 7.2 வோல்ற், முழுப் பற்றரிக்கு 201.6 வோல்ற். 2011 கடைசியில் வந்த முதல் அக்வாவிலும், 2013க்குப் பிந்திய அக்ஸியோ ஹைபிரிட்டிலும் 20 மொடியூல்கள், 144 வோல்ற். எல்லாவற்றிலும் கொள்திறன் 6.5 அம்பியர்-மணிதான்.

ஹோண்டாவின் வெசல், கிரேஸ், 2013க்குப் பிந்திய ஃபிட் ஹைபிரிட் எல்லாம் லிதியம் அயன். சுசுகியின் வேகன் ஆர் ஹைபிரிட்டும் அப்படித்தான். அவற்றை வீட்டில் திறக்காதீர்கள். லிதியம் செல்லை அளவுக்கு மேல் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இங்கே சொல்லப்படும் எந்த முறையும் அவற்றுக்குப் பொருந்தாது. 2021இல் வந்த புதிய அக்வாவின் பைபோலார் பற்றரியும் இந்தக் கணக்கில் சேராது.

காற்று

பற்றரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்று. பிரியஸில் பின் சீட்டின் பக்கவாட்டிலும், அக்வாவில் பின் சீட்டின் அடியிலும் சிறு வாய் ஒன்று இருக்கும். அதன் வழியாக ஒரு மின்விசிறி காற்றை இழுத்து மொடியூல்களுக்கு இடையே செலுத்துகிறது. அந்த வாயை மறைத்துப் பையும் குடையும் வைத்துப் பயணிக்கும் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறோம். பின் சீட்டில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், பூனையோ நாயோ ஏறுகிறது. பத்து வருடத்தில் அந்த விசிறியின் இதழ்களுக்கு நடுவே தூசும் மயிரும் நூலும் சேர்ந்து, பஞ்சுத் திண்டு போல இறுகிவிடும். விசிறி சுற்றும், சத்தமும் வரும், காற்று மட்டும் போகாது.

செய்ய வேண்டியது: வாயின் மூடியைக் கழற்றி, உள்ளே வலை இருந்தால் எடுத்துத் தட்டிக் கழுவிக் காயவிடுங்கள். வலை இல்லாத மாடலில் பக்கப் பலகைகளைக் கழற்றி விசிறியையே வெளியே எடுக்க வேண்டும். பழைய பல் தூரிகையால் ஒவ்வோர் இதழாகத் தேயுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், மோட்டார் உள்ளே இருக்கிறது. இதைத் தொடங்குமுன் காரை நிறுத்தி, காரில் தனியே இருக்கும் சிறிய 12 வோல்ற் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். உயர் வோல்ற் ஓடும் செம்மஞ்சள் நிற வயரையோ, பற்றரிப் பெட்டியின் மூடியையோ தொடத் தேவையே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, செம்மண் புழுதி படிந்த றோட்டில் ஓடுகிறவர்கள் இரண்டு முறை.

ஏசி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். காருக்குள் இருக்கும் காற்றுத்தான் பற்றரிக்கும் போகிறது என்பதால், நண்பகல் வெயிலில் நின்ற காரைக் கண்ணாடியைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு, ஏசி போட்டு ஓட்டுவது பற்றரிக்குச் செய்யும் பெரிய உதவி. நிக்கல் செல் 45 பாகை செல்சியஸைத் தாண்டினால் சார்ஜைச் சரியாக ஏற்காது, ஏற்றிய மின்சாரம் சூடாகவே திரும்பி வரும். பெற்றோல் மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்தி ஓட்டுகிற பழக்கம் ஏப்ரல் வெயிலில் கைகொடுக்காது.

ஓடாமல் நிறுத்திவைத்தால்

நிக்கல் செல் சும்மா இருந்தாலும் தானாக இறங்கும். எல்லாச் செல்லும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. சமனின்மை பிறப்பதே அங்கேதான். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கார்கள் வாரக்கணக்கில் வீட்டு வாசலில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் அல்லது 16 கிலோமீற்றர் ஓட்டச் சொல்கிறது டொயோட்டாவின் கைநூல். நம் வெக்கைக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாடு போகிறவர்கள் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

நெரிசலில் நிற்கும்போது கியரை நியூட்ரல் (N) நிலையில் போட்டு வைப்பதும் கூடாது. அந்த நிலையில் இந்தப் பற்றரி சார்ஜ் ஆகாது. ஏசியும் விளக்கும் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

திறக்காமல் அளப்பது

காரின் கணினியை வாசிக்கும் பிளக்கில் (ஓபிடி) செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்றும், ஹைபிரிட் பற்றரியை வாசிக்கும் கைபேசிச் செயலி ஒன்றும் போதும். பிரியஸின் கணினி மொடியூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாகப் பார்க்கிறது. திரையில் தொகுதி ஒன்றுக்கு ஒரு வோல்ற்றளவாக வரிசையாக வரும்.

கார் அமைதியாக நிற்கும்போது எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். யாரையாவது ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் இருந்து திரையைப் பாருங்கள். வேகமெடுக்கும்போதும், ஏற்றத்தில் ஏறும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் எண்கள் எப்படி நகர்கின்றன என்பதுதான் சேதி. நல்ல பற்றரியில் எல்லாத் தொகுதிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், வித்தியாசம் 0.3 வோல்ற்றுக்குள் நிற்கும். ஒன்று மட்டும் வேகமெடுக்கும்போது மற்றவற்றைவிடக் கீழேயும், பிரேக்கில் மற்றவற்றைவிட மேலேயும் போகிறதா? அதன் உட்தடை கூடிவிட்டது, அதாவது அது களைத்துவிட்டது. ஒரு தொகுதி எப்போதும் ஒரு வோல்ற்றுக்கு மேல் தாழ்ந்தே நிற்கிறதா? அநேகமாக உள்ளே ஒரு செல் செத்துவிட்டது. 1.2 வோல்ற் என்பது ஒரு செல்லின் அளவு என்பதை நினைவில் வையுங்கள்.

பிழைக் குறியீடுகளையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பி0ஏ80 என்றால் பற்றரி தரம் இழந்துவிட்டது என்று கணினி முடிவு செய்துவிட்டது. பி3011 முதல் பி3024 வரையான குறியீடு எந்தத் தொகுதி என்று விரல் நீட்டிக் காட்டும். பி0ஏ82 மட்டும் வந்தால் பிரச்சினை குளிர்விக்கும் விசிறியில். மேலே "காற்று" பகுதியில் சொன்ன தூரிகை வேலையோடு அது முடிந்துவிடலாம்.

வினோதமான விளக்குகள் பல ஒன்றாக எரிந்தால் 12 வோல்ற் பற்றரியை முதலில் பாருங்கள். அது தளர்ந்தாலே கார் விதம்விதமாக முறையிடும். அதை மாற்றும்போது காருக்குள் வைப்பதற்கென்று வாயுக்குழாயோடு வரும் வகையையே வாங்குங்கள்.

சமன்படுத்துவது என்றால் என்ன

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கராஜ்களில் "பலன்ஸ்" என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஒன்றல்ல.

தொடராக இணைந்த மொடியூல்களில் ஓடும் மின்னோட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இருபத்தேழு மொடியூலில் பாதி சார்ஜ் இருந்து, ஒன்றில் மட்டும் கால்வாசி இருந்தால், அந்த ஒன்று வெறுமையாகும் இடத்தில் முழுப் பற்றரியும் நிற்க வேண்டியதுதான். கணினி பற்றரியை ஏறத்தாழ 40க்கும் 80க்கும் இடைப்பட்ட வீதத்திலேயே வைத்திருக்கிறது, முழுதாக நிரப்புவதே இல்லை. ஆயுளுக்கு அது நல்லது. ஆனால் பிந்திய செல் மற்றவற்றை எட்டிப்பிடிக்க ஒருபோதும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. சமன்படுத்துவது என்றால் எல்லாச் செல்லையும் ஒரே நிரப்பு மட்டத்துக்குக் கொண்டுவருவது.

வோல்ற்றளவைச் சமமாக்குவது அதுவல்ல. நிக்கல் செல்லின் வோல்ற்றளவு நடுப்பகுதியில் ஏறக்குறையத் தட்டையாகவே இருக்கும். முக்கால் நிரம்பிய மொடியூலும், பாதிகூட நிரம்பாத மொடியூலும் மீற்றரில் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட முடியும். எல்லா மொடியூலையும் சமாந்தரமாக (நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை) இணைத்து ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் எல்லாம் 7.85 என்று மீற்றரில் காட்டிக் கொடுத்தால், அங்கே நடந்தது பெரும்பாலும் எண் அலங்காரம். சில மாதத்தில் முக்கோணம் திரும்பி வருவது இதனால்தான். நன்றாக சார்ஜ் செய்து தேறிய மொடியூல்களுக்குக் கடைசி ஒப்பனையாக அதைச் செய்வதில் தவறில்லை. அதையே வேலை என்று விற்கும்போதுதான் எனக்கு வருத்தம்.

உண்மையான சமன்படுத்தல் இரண்டு வழியில் நடக்கும். ஒன்று, பற்றரியைப் பிரிக்காமல், மிகச் சிறிய மின்னோட்டத்தில், பல மணி நேரம், முழுதும் நிரம்பிய பிறகும் தொடர்ந்து சார்ஜ் செய்வது. 0.35 அம்பியர் அளவில் கொடுத்தால், ஏற்கனவே நிரம்பிய செல் மேலதிகத்தைச் சூடாக்கி விட்டுவிடும், பிந்திய செல் நிரம்பிக்கொண்டு வரும். பிரியஸில் வோல்ற்றளவு 240ஐ நெருங்கி, மேலே ஏறாமல் நிற்கும்போது வேலை முடிந்தது. அக்வாவில் அது 170ஐ ஒட்டி நடக்கும். இந்த நேரம் முழுதும் பற்றரியின் விசிறி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டில் ஆள் இருக்க வேண்டும். இதற்கென்றே செய்த, மின் தனிமைப்படுத்தல் உள்ள (வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில்லாத) சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டு 230 வோல்ற்றை டயோட்டால் திருத்தி நேரே கொடுக்கும் சுற்றுப்படங்கள் உலாவுகின்றன. அதன் உச்சம் 325 வோல்ற், தொட்டால் உயிர் போகும். தயவு செய்து வேண்டாம். செல் எதுவும் சாகாத, சமனின்மை மட்டுமே உள்ள பற்றரிக்கு இந்த வழிதான் என் தேர்வு. ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

மற்றது, பிரித்து ஒவ்வொன்றாகச் செய்வது. ஒரு மொடியூல் செத்துவிட்டது என்று அளவீடு சொன்னால் அதைத் தவிர வழியில்லை.

பிரிக்குமுன்

200 வோல்ற் நேர்மின்னோட்டம் கையைப் பற்றினால் விடாது. 1000 வோல்ற் தரமுள்ள மின்காப்புக் கையுறை வேண்டும், சமையலறை றப்பர் கையுறை அல்ல. அதை ஊதிப் பார்த்து ஓட்டை இல்லை என்று உறுதிசெய்து போடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி, காப்பு எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். தனியாகச் செய்யாதீர்கள்.

1. காரை நிறுத்தி, ஸ்மார்ட் சாவியைத் தூரக் கொண்டுபோய் வையுங்கள்.
2. 12 வோல்ற் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள்.
3. கையுறையோடு, செம்மஞ்சள் பிடியுள்ள சேவிஸ் பிளக்கை இழுத்து எடுத்து உங்கள் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரும் அதைத் திரும்பச் செருகிவிடக் கூடாது.
4. பத்து நிமிடம் காத்திருங்கள். இன்வேர்ட்டருக்குள் மின்னைத் தேக்கிவைக்கும் மின்கொள்ளளவிகள் இறங்க அந்த நேரம் வேண்டும்.
5. காருக்குப் போகும் தடித்த வயர்களில் மீற்றர் வைத்து, பூச்சியம் என்று கண்ணால் பார்த்த பிறகே கழற்றுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: சேவிஸ் பிளக்கை எடுத்தால் காருக்குப் போகும் வழிதான் அறுபடும். பற்றரி இரண்டு துண்டாகும், அவ்வளவுதான். பெரிய துண்டில் இன்னும் நூறு வோல்ற்றுக்கு மேல் இருக்கும். மொடியூல்களை இணைக்கும் செம்புத் தகடுகள் முழுதும் கழற்றப்படும் வரை கையுறை கையிலேயே இருக்கட்டும். 8 மில்லிமீற்றர் சொக்கட்டின் முனை தவிர மற்ற இடமெல்லாம் மின்காப்பு நாடா சுற்றுங்கள். தகடுகள் கழன்றதும் மின்னதிர்ச்சி ஆபத்து நீங்கும். ஆனால் ஒரு மொடியூலின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்பானர் விழுந்தால் அது சிவந்து உருகும் அளவுக்கு மின்னோட்டம் பாயும்.

பிரியஸ் பற்றரி ஏறத்தாழ 40 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும்.

மேசையில்

மூடியைத் திறந்ததும் நாலு கோணத்தில் படம் எடுங்கள். மார்க்கரால் மொடியூல்களுக்கு எண் போடுங்கள். மொடியூல்கள் ஒன்றுவிட்டொன்று திருப்பி வைக்கப்பட்டிருக்கும், நேர்முனை ஒருமுறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம்.

செம்புத் தகட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கரையோர ஊர்க்காரர்களின் காரில் அது பச்சையாகவோ கறுத்தோ இருக்கும், நட்டின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அந்தப் படலம் ஒரு தடை. கணினி வோல்ற்றளவை எடுக்கும் மெல்லிய வயர்களின் கண்களும் இதே நட்டில்தான் மாட்டியிருக்கின்றன. அவை அரித்துப்போனால் நல்ல மொடியூலையும் கணினி கெட்டது என்று வாசிக்கும். விநாகிரியும் உப்பும் கலந்த நீரில் தகடுகளை ஊறவைத்து, மென்மையான மணற்தாளால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுதும் காயவிடுங்கள். வயர்க் கண்களை உலர்ந்த தூரிகையால் தேயுங்கள், நைந்திருந்தால் அந்தக் கொத்தையே மாற்றுங்கள். சில பற்றரிகளுக்கு இந்தச் சுத்தம் மட்டுமே போதுமாக இருக்கும்.

முனையில் ஈரம் கசிந்திருந்தால் அது பொட்டாசியம் ஹைட்ரொக்சைட், தோலையும் கண்ணையும் எரிக்கும். கண்ணாடி அணியுங்கள். கசிந்த மொடியூலைத் திரும்பப் போடாதீர்கள்.

அடுத்து சுமைச் சோதனை. காரின் முன்விளக்குக்குப் போடும் 55 வாற் பல்ப் ஒன்றை மொடியூலின் இரு முனையிலும் மாட்டுங்கள். மூன்று அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். மீற்றரைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடம் காத்திருங்கள். நல்ல மொடியூல் சட்டென்று சிறிது இறங்கி, அந்த இடத்தில் உறுதியாக நிற்கும். பலவீனமானது நிற்காது. 7.6, 7.5, 7.3 என்று வழுக்கிக்கொண்டே போய், திடீரென ஒரு வோல்ற்றுக்கு மேல் விழும். விழுந்த கணம்தான் உள்ளே ஒரு செல் வெறுமையான கணம்.

பிறகு சார்ஜும் இறக்கமும். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைட் வசதியுள்ள, விளையாட்டு விமானக்காரர் பயன்படுத்தும் சார்ஜரில் ஆறு செல் என்று அமையுங்கள். 2 அம்பியரில் 6.0 வோல்ற் வரை இறக்குங்கள், 3 அம்பியரில் ஏற்றுங்கள், 7200 மில்லியம்பியர்-மணியில் நிறுத்த எல்லை வையுங்கள். மொடியூல்கள் இரு பக்கமும் இறுக்கப்பட்டே இருக்க வேண்டும். தனியே வைத்து ஏற்றினால் பக்கவாட்டில் உப்பி, பிறகு பெட்டிக்குள்ளேயே போகாது. தொட்டால் கை பொறுக்காத சூடு வந்தால் நிறுத்துங்கள். மிகைச் சார்ஜில் ஐதரசன் வெளியேறலாம், ஆகவே காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளிச் செய்யுங்கள்.

ஒரு சுற்றுக்கு அரை நாள் போகும். மூன்று சுற்று வேண்டும். ஒற்றை வாய்ச் சார்ஜரில் 28 மொடியூல் என்றால் ஒரு மாதத்தையும் தாண்டும். நான்கு வாய்ச் சார்ஜர் வாங்குவதோ இரவல் எடுப்பதோதான் நடைமுறை. ஒவ்வொரு இறக்கத்திலும் வெளிவந்த மில்லியம்பியர்-மணியைக் கொப்பியில் எழுதுங்கள். முதல் சுற்றில் குறைவாகவும் மூன்றாவதில் கூடுதலாகவும் வந்தால் மொடியூல் தேறுகிறது. மூன்றாவதிலும் 4000ஐ எட்டாததை ஒதுக்கிவிடுங்கள்.

பலர் இங்கேயே முடித்துப் பூட்டிவிடுகிறார்கள். இன்னொரு சோதனை இருக்கிறது, அதற்குப் பொறுமை மட்டுமே செலவு. எல்லாவற்றையும் முழுதாக ஏற்றி, இரண்டு கிழமை தொடாமல் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கொள்திறன் நன்றாகக் காட்டிய ஒன்று இப்போது மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தால், அதன் சார்ஜ் உள்ளுக்குள்ளேயே கசிந்து இறங்குகிறது. பூட்டிய சில மாதத்தில் மறுபடி முக்கோணத்தை எரிய வைப்பது இந்த மொடியூல்தான்.

பதிலுக்கு வாங்கும் மொடியூலும் பழையதாகவே இருக்கட்டும். உங்கள் மற்ற மொடியூல்களின் கொள்திறனுக்கு அருகில் இருப்பதையே தேடுங்கள். விற்பவரிடம் வோல்ற்றளவைக் கேட்காதீர்கள், இறக்கச் சோதனையில் வந்த எண்ணைக் கேளுங்கள். தேறாதவை நான்கைந்துக்கு மேல் என்றால் இந்த வேலையை விட்டுவிட்டு முழுப் பற்றரிக்குப் பணம் சேர்ப்பதே புத்தி. மிஞ்சியவையும் அதே வயதுதானே, ஒன்றை மாற்ற அடுத்தது விழும்.

பூட்டுவது

அதிகம் சூடாவது நடு வரிசை. திடமான மொடியூல்களை நடுவிலும், சற்றுக் குறைந்தவற்றை ஓரத்திலும் வையுங்கள். முனைகளின் திசையைப் படத்தோடு ஒப்பிட்டு இரண்டாவது ஆளையும் பார்க்கச் சொல்லுங்கள். தகடுகளைப் போடத் தொடங்கும்போதே வோல்ற்றளவு ஏறத் தொடங்கும், ஆகவே கையுறை மறுபடி கைக்கு. நட்டுக்கு 5.4 நியூட்டன்-மீற்றர் போதும், டோர்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்காதீர்கள். கை வலிமையைக் காட்டினால் முனை பிளாஸ்டிக்கோடு கழன்று வரும், நல்ல மொடியூல் ஒன்று வீணாகும்.

சேவிஸ் பிளக்கை கடைசியில், பிடியை முழுதாகப் பூட்டும் நிலைக்குக் கொண்டுவந்து செருகுங்கள். பாதியில் நின்றால் கார் ரெடி நிலைக்கு வராது. பிறகு 12 வோல்ற் முனை. குறியீடுகளை அழித்துவிட்டு, யாரையாவது பக்கத்தில் இருத்தித் திரையைப் பார்க்கச் சொல்லி, இருபது முப்பது கிலோமீற்றர் ஓட்டுங்கள். முதலில் சார்ஜ் அளவு ஏறி இறங்கித் தடுமாறலாம், கணினி புதிதாகக் கணக்குப் பிடிக்கிறது. தொகுதிகளின் வித்தியாசத்தை அன்றைய திகதியோடு கொப்பியில் எழுதுங்கள், மாதம் ஒருமுறை அதே ஏற்றத்தில் அளந்து பக்கத்தில் சேருங்கள். ஒதுக்கிய மொடியூல்களின் முனைகளை நாடாவால் மூடி, நிமிர்த்தி வைத்து, பற்றரி வேலை செய்கிற கராஜ் ஒன்றிடம் கொடுத்துவிடுங்கள். உடைத்துச் செம்பு எடுக்கிற பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம், உள்ளே இருக்கும் காரம் அவருடைய கையையும் கண்ணையும் பதம் பார்க்கும்.